தோளிற் சுமக்கும் வீடு

நம் நாட்டில் அடைமழை தொடங்கும் ஐப்பசித் திங்களில்தான் இம்மராட்டிய மண்ணில் மழை ஓய்கிறது. மழை ஓய்ந்ததும் நம் விடுதி மாணவர்க்குச் சனிக்கிழமை மாலையில் இருப்புக்கொள்வதில்லை. முதுகில் ஒரு பையும் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலமுமாக ஸ்வார்கேட் பேருந்து நிலையத்தை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றனர். புனேயைச் சூழ்ந்த சஹ்யாத்திரி மலையும் அதன் முடிதோறும் நிற்கும் கோட்டைகளும் யாரைத்தான் அழைக்கவில்லை? 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் பதினொன்று இம்மாநிலத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. ஆகவே இக்கோட்டைகளைக் காணச் செல்லும் தமிழ் மாணவர், அயலார் வீட்டுக்குச் செல்வதாக எண்ணிக் கூச வேண்டியதில்லை.

நான் காவிரிக் கரையில் பிறந்தவன். கோயிற் கோபுரத்தைவிட உயரமான எதனையும் இவ்வூருக்கு வருமுன் அண்மையிற் கண்டதில்லை. வேதியியல் முதுகலை படிக்க வந்த இடத்தில் மலையேறவும் கற்றுக்கொண்டேன். சென்ற திங்கள் முதலாண்டுத் தம்பி ஒருவர் என் அறைக்கு வந்தார். கைப்பேசியில் ஒரு கூடாரத்தின் படத்தைக் காட்டி, "அண்ணே, எடை ஒன்றரைக் கிலோதானாம். வாங்கிவிடலாமா?" என்று கேட்டார்.

"எந்த மாதத்தில், எந்த இடத்தில், எத்தனை பேர் படுப்பதற்கு?" என்றேன்.

"கூடாரம் என்றால் எப்போதும் எங்கும் படுக்கலாம்தானே, அண்ணே?" என்றார் அவர்.

அவ்வினாவைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. ஓராண்டுக்கு முன் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். எண்ணியதோடு நில்லாமல், ஒரு தோழனைப் பெருந்துன்பத்துக்கும் ஆளாக்கினேன். அவருக்கு அன்று சொன்ன விடையையே நம் மன்ற மலரைப் படிக்கும் மற்றையோருக்கும் பயன்படுமென்று இங்கு விரித்து எழுதுகிறேன்.

மழையில்லா மழை

சென்ற ஆண்டு மார்கழியில் நாங்கள் மூவர் ராஜ்கட் கோட்டைக்குப் புறப்பட்டோம். ராய்கட்டுக்கு முன் சிவாஜியின் தலைநகராக விளங்கிய கோட்டை அது. மாலையில் அடிவாரத்துக் குஞ்சவணே சிற்றூரை அடைந்து, அங்கே இரவைக் கழித்து, விடியலில் மலையேறுவது எங்கள் திட்டம். நிலத்துக்குரியவரிடம் சொல்லிவிட்டு, நெல் அறுத்த வயலில், ஓடைக்கு அருகே, காற்றுப் படாத பள்ளமாகப் பார்த்துக் கூடாரம் அடித்தோம். வாடகைக்கு எடுத்து வந்த கூடாரம் அது. ஒற்றைத் துணியால் ஆனது. இருவர் படுக்கும் அளவினது. அதைத் தேர்ந்தவன் நானே. எடை குறைவு என்பதொன்றே நான் கண்ட சிறப்பு. 'மூவர் நெருங்கிப் படுத்தால் கதகதப்பாகவும் இருக்கும்' என்று காரணமும் சொன்னேன். குளிர் உள்ளே புகாதிருக்க எல்லா ஜிப்புகளையும் இழுத்து மூடினோம். காற்றுக்கென்று மேலே வைத்திருந்த சிறு திறப்பைக்கூட ஒரு துண்டால் அடைத்தோம்.

நள்ளிரவுக்குப் பின் என் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

"மழை பெய்கிறதடா!" என்றான் அருகில் படுத்திருந்த திருச்சித் தோழன்.

ஜிப்பைத் திறந்து தலையை நீட்டினேன். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. விண்மீன்கள் உப்பைக் கொட்டியதுபோற் கிடந்தன. ஆனால் கூடாரத்துக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

ஓரத்தில் படுத்திருந்தவன் மதுரைத் தோழன். அவனுடைய உறக்கப்பை துணிச்சுவரோடு ஒட்டிக் கிடந்ததால் ஈரத்தையெல்லாம் அதுவே குடித்திருந்தது. வழிநடையில் வியர்த்த பருத்திப் பனியனையும் அவன் மாற்றவில்லை. பற்கள் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தான். காலணியை மாட்டச் சொன்னேன்; கயிற்றை முடிய அவன் விரல்கள் வளையவில்லை. ஊருக்குப் போகலாம் வா என்றால், ஏதோ பொருந்தாத விடை சொன்னான். அப்போதுதான் எங்களுக்கு அச்சம் பிறந்தது.

இருவரும் தாங்கிக்கொண்டு வயலுக்கு மேலிருந்த வீட்டுக் கதவைத் தட்டினோம். நிலத்துக்காரரின் மனைவி எழுந்து வந்தார். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேளாமல், "ஆத் யா, ஆத் யா" என்று உள்ளே அழைத்தார். அவனுடைய ஈர உடையை மாற்றச் செய்து, அடுப்படியில் உட்கார வைத்து, ஆட்டு மயிரால் நெய்த கோங்கடி என்னும் முரட்டுக் கம்பளியைப் போர்த்தி, வெல்லத் தேநீர் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அவன் பேச்சுத் தெளிந்தது. அதன் பின்னரே அவ்வம்மையார் கேட்டார்: "ஓடைப் பள்ளத்தில் ஏன் படுத்தீர்கள் பிள்ளைகளே? மேலே களத்துமேட்டில் படுத்திருக்கக் கூடாதா?"

எங்கள் மூவரிடமும் மூன்று இளங்கலைப் பட்டங்கள் இருந்தன. அக்கேள்விக்கு மட்டும் விடை இல்லை. "சொல்லத் தெரியவில்லை, மாவ்ஷி" என்று தலைகுனிந்தேன்.

நீர் வரும் வழி நான்கு

அவ்விடையைப் பிறகு நூல்களிலும் பட்டறிவிலும் தேடினேன். உறையுள் என்பது நம்மைச் சுற்றிக் காற்றையும் நீரையும் ஆள்வதற்கான ஒரு கருவி. மலையில் நம்மை வருத்தும் நீர் நான்கு வழிகளில் வருகிறது: மேலிருந்து, பக்கத்திலிருந்து, கீழிருந்து, நம்மிடமிருந்தே. கடைப் பலகைகள் முதல் வழியைப் பற்றியே பெரிதும் பேசுகின்றன. எங்களை நனைத்ததோ நான்காவது வழி.

மேலிருந்து வருவது மழை. துணி அதனை எவ்வளவு தாங்கும் என்பதை மில்லிமீட்டரில் குறிப்பர். துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை நிரப்புவதாகக் கொள்வோம். எத்தனை மில்லிமீட்டர் உயரம் நீர் நிற்கும்வரை கசியாமல் இருக்கிறதோ அதுவே அத்துணியின் அளவு. 1,500 மி.மீ. தாங்கும் துணியைக் கூரைக்குப் போதுமானதாகக் கொள்வது வழக்கம். மழை பெரும்பாலும் துணி வழியாக வருவதில்லை. தையல் வழியாகவே வருகிறது. ஆகவே தையலின் உட்புறத்தில் நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

பக்கத்திலிருந்து வருவது சாரல். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது துணியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே உயரமான, செங்குத்தான சுவருள்ள கூடாரம் மேட்டுநிலத்துக்கு ஆகாது. தாழ்ந்த, குறுகிய பக்கத்தைக் காற்றுக்கு எதிரே வைக்க வேண்டும்.

கீழிருந்து வருவது நிலத்து ஈரம். தரைத்துணி கூரைத்துணியைவிட வலிவுடையதாக இருக்க வேண்டும். காரணம் நம் முழங்கால். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரு முழங்கால்களையும் ஊன்றும்போது, ஒவ்வொன்றும் 50 சதுர சென்டிமீட்டர் இடத்தில் பதிவதாகக் கொண்டால், அவ்வழுத்தம் 6 மீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்கு ஒப்பாகும். 1,500 மி.மீ. துணி அங்கே என்ன செய்யும்? இன்னொன்று: தரைத்துணிக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே ஒரு விரற்கடையும் நீளக் கூடாது. நீண்டால் கூரையில் வழியும் நீரையெல்லாம் ஏந்தி நம் முதுகுக்கடியிற் கொண்டுவந்து சேர்க்கும்.

நான்காவதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உறங்குகின்ற மனிதர் ஒருவர் மூச்சாலும் தோலாலும் எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழக் கால் லிட்டர் நீரை ஆவியாக வெளியிடுகிறார். நாங்கள் மூவர், எனவே முக்கால் லிட்டர். அவ்வளவு நீரும் எங்கே போகும்? நம் உடலின் வெப்பமாகிய 37 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 44 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் அது 17 கிராம். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று மேல். எங்கள் கூடாரத்தின் கொள்ளளவு இரண்டு கன மீட்டர் எனக் கொண்டால், அக்குளிரில் அதிலிருந்த காற்று முழுதும் தாங்கக்கூடியது இருபது கிராமுக்கும் குறைவு. எஞ்சியது வெளியேற வழியில்லை. வழியைத்தான் நாங்கள் துண்டால் அடைத்துவிட்டோமே! அது குளிர்ந்த துணியிற் படிந்து நீராயிற்று.

துணி ஏன் அவ்வளவு குளிர்ந்தது? முகிலில்லாத இரவில் எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்தை வானை நோக்கிக் கதிராக வீசுகின்றன. மெல்லிய கூரைத்துணி சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. புல்லின்மேல் பனி படிவதும் இதனாலேயே. மரத்தின் கீழ்ப் பனி குறைவாக இருப்பதை நாம் ஊரில் பார்த்திருக்கிறோம். மரக்கிளை வானை மறைத்து, வெப்பத்தைத் திருப்பித் தருகிறது.

இனி மாவ்ஷியின் கேள்விக்கு வருவோம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவிலிருந்து நீரைப்போலவே வழிந்து பள்ளத்திற் சென்று தேங்கும். ஓடைக்கரையோ இயல்பிலேயே ஈரம் மிகுந்த இடம். குளிருக்கு அஞ்சி நாங்கள் தேடிப்பிடித்த பள்ளந்தான் அவ்வூரிலேயே குளிர் மிகுந்த இடம். களத்துமேட்டில் மெல்லிய காற்றோட்டம் இருந்திருக்கும். வெப்பமும் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். அவ்வம்மையார் இயற்பியல் படித்தவர் அல்லர், அந்நிலத்தைப் படித்தவர்.

உறையுளின் வகைகள்

இந்நான்கு வழிகளையும் மனத்திற் கொண்டால் எந்த வகை எதற்கு உதவும் என்பது தானே விளங்கும்.

முதலாவது, இரட்டைத் துணிக் கூடாரம். உள்ளே கொசுவலையும் தரையும் சேர்ந்த ஓர் அறை. அதன்மேல் ஒரு சாண் இடைவெளிவிட்டு மழைத்துணி. இதிலும் ஆவி நீராகத்தான் செய்யும்; ஆனால் வெளித்துணியிற் படிந்து, உள்ளறையின்மேல் விழாமல் ஓரமாக வழிந்துவிடும். ஈரத்தை நீக்குவதன்று, நம்மைத் தொடாமல் காப்பதே இதன் பணி. அலுமினியக் கோல்களுடன் கூடிய, இருவர்க்கான நல்ல கூடாரம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். கண்ணாடியிழைக் கோல்களுடன் மலிவாகக் கிடைப்பவை இரண்டரை, மூன்று கிலோ வரை செல்லும்.

இரண்டாவது, ஒற்றைத் துணிக் கூடாரம். எடை குறைவு; காற்றோட்டம் உள்ள மேட்டில், எல்லாத் திறப்புகளையும் திறந்து வைத்துப் படுப்பவர்க்கு ஏற்றது. எங்களைப்போல் அடைத்துவிட்டுப் படுப்பவர்க்கு ஆகாது.

இவ்விரு வகையிலும் தனிக்கோல் இல்லாமல், நடக்கும்போது கையில் வைத்திருக்கும் ஊன்றுகோல்களையே நட்டு எழுப்பும் கூடாரங்கள் இப்போது மிகுதியாக வந்துள்ளன. இது புதுமை என்று எண்ண வேண்டா. பத்துப்பாட்டில் மிகச் சிறியதும் 103 அடிகளே உடையதுமாகிய முல்லைப்பாட்டில் நப்பூதனார் ஒரு கார்காலப் பாசறையைக் காட்டுகிறார். அங்கே வீரர்கள் தம் வில்லையே ஊன்றி, அம்பறாத்தூணியை அதில் தொங்கவிட்டு, கால்களை நட்டுக் கயிறு இழுத்துக் கட்டி இருக்கை அமைக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மலையேறியாகிய மம்மரி பனிக்கோடரிகளையே கால்களாக நட்டுச் சிறு கூடாரம் அமைத்தார். அவர் 1895-இல் நங்க பர்வத மலையில் மறைந்தார். கையிலுள்ள கருவிக்கு இரண்டு வேலை கொடுத்தால் சுமை குறையும் என்பதைப் போர்மறவரும் மலையேறிகளும் வேறுவேறாகக் கண்டறிந்திருக்கின்றனர்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இவ்வகைக் கூடாரம் முளைகளின் பிடிப்பில்தான் நிற்கும். சஹ்யாத்திரியின் மேற்பரப்புப் பெரும்பாலும் எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. அதில் முளை இறங்காது. வளைந்த கோல்களால் தானே நிற்கும் குவிமாடக் கூடாரம் அங்கே எளிது. ஊன்றுகோற் கூடாரம் கொண்டு செல்பவர் கூடுதலாகச் சில முழம் கயிறு வைத்துக்கொண்டு, பெரிய கற்களிற் சுற்றிக் கட்டப் பழக வேண்டும். நெல் அறுத்த வயல்களில் இத்தொல்லை இல்லை.

மூன்றாவது, தார்ப்பாய். நம் ஊர் லாரிகளின்மேல் கட்டும் பாயைத்தான் நினைக்கிறீர்கள். இது அதன் இளைத்த தம்பி. மூன்று மீட்டர் சதுரமான சிலிக்கோன் நைலான் விரிப்பு ஏறத்தாழ அரைக் கிலோதான். நான்கு பக்கமும் காற்று உலவுவதால் உள்நீர்த் தொல்லை மிகக் குறைவு. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும், 3,200 கிலோமீட்டருக்கு மேல், எம்மா கேட்வுட் என்னும் 67 வயது மூதாட்டியார் தனியாக நடந்து முடித்தார். மழைக்கு அவர் கொண்டுசென்றது குளியலறையில் தொங்கவிடும் ஒரு பிளாஸ்டிக் திரை. மூட்டையோ வீட்டில் தைத்த ஒரு பை. நாற்று நடும் நம் பெண்டிர் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியையும், இங்குள்ள உழவர் மூங்கிலாலும் இலையாலும் முடையும் இர்லேயையும் கண்டவர்க்கு இது வியப்பாயிராது. ஆனால் தார்ப்பாயில் தரையும் இல்லை, வலையும் இல்லை. தேளும் பூரானும் கொசுவும் உள்ள நம் நாட்டில் அவ்விரண்டையும் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, ஹாமக் எனப்படும் பெரியவர்களுக்கான தூளி. ஈர நிலமும் கல்லும் முள்ளும் பொருட்டில்லை. கொங்கணக் கடற்கரைத் தோப்புகளுக்கு இதைப்போல் இன்பமானது இல்லை. மரமில்லாத கோட்டைத் தலையிலோ இது வெறும் துணி. குளிர்காலத்தில் முதுகின் கீழ் உறக்கப்பை நசுங்கி வெப்பத்தைக் காக்கும் ஆற்றலை இழப்பதால், அடியிலும் ஒரு மெத்தை வேண்டும்.

உறக்கப்பைமேல் மாட்டும் 'பிவி' உறையைப் பற்றி ஒரு சொல் போதும்: அது இடர்க்காலத் துணை, நாள்தோறும் படுப்பதற்கன்று.

இனி எடைக்கணக்கு. இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். இருவர் பங்கிட்டுச் சுமக்கும் 1,800 கிராம் கூடாரம் ஆளுக்கு 900 கிராம். தனியொருவர் கொண்டுபோகும் தார்ப்பாய் 500 கிராம், தரைவிரிப்பு 150, கொசுவலை 200, முளையும் கயிறும் 100. ஆக 950 கிராம். 'மிக இலேசானது' என்று நாம் வாங்கியது உண்மையில் இலேசன்று! கடைக்காரர் சொல்லும் எடையில் முளை, கயிறு, பை ஆகியவை அடங்குமா என்று கேட்டு, எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு வகுத்த பின்னரே ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டும்.

துணியும் கோலும்

வேதியியல் மாணவன் என்பதால் துணியைப் பற்றிச் சிறிது சொல்ல இசைவு தருவீர்களாக. 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் கரோதர்ஸ் குழுவினர் ஆக்கிய நைலானும், 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்ட பாலியெஸ்டர் இழையுமே இன்றைய கூடாரங்களின் இரு பெருங்குடிகள். நைலான் மூலக்கூற்றில் உள்ள அமைடு தொகுதிகள் நீரோடு உறவு கொள்பவை. ஈரமான இரவில் அது நீரை உறிஞ்சி நீண்டு தளரும். மாலையில் முரசுபோல் இழுத்துக் கட்டிய கூரை விடியலில் தொங்குவது இதனாலேயே. பாலியெஸ்டர் அவ்வாறு தளர்வதில்லை. வெயிலையும் சற்று நன்றாகத் தாங்கும். ஒத்த எடையில் கிழிபடாமை நைலானுக்கே மிகுதி. எது நல்லது என்று கேட்டால், ஈரமும் வெயிலும் மிகுந்த நம் நாட்டுக்குப் பாலியெஸ்டர் என்பேன். இரவில் ஒரு முறை எழுந்து கயிற்றை இறுக்கச் சோம்பாதவர்க்கு நைலானும் தாழ்வில்லை.

துணியின் பருமனை டெனியர் என்னும் அளவால் குறிப்பர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 20 டெனியர் நூல் மிக மெல்லியது. அதனை முள்ளிலிருந்தும் சிகரெட்டு நெருப்பிலிருந்தும் காக்க வேண்டும். தொடக்கநிலையினருக்கு 40-க்கு மேற்பட்ட தரைத்துணியே பாதுகாப்பு.

நீர் புகாமைக்குப் பாலியூரித்தேன் பூச்சு இடுவது மலிவான முறை. அது ஈரத்தோடு மடித்து வைத்தால் நீரால் பகுபட்டு, பிசுபிசுத்து, நாற்றமெடுத்துவிடும். ஆனி ஆடி மாத விடுதி அலமாரியில் கூடாரத்தை மடித்து வைத்தவர் கார்த்திகையில் திறந்து பார்த்தால் இவ்வேதிவினையைச் செலவின்றிக் காணலாம். காயவைத்துத் தளர்வான பையில் வைப்பது எளிய மருந்து. கோல்களில் அலுமினியம் வளையும். கண்ணாடியிழை சிம்பு சிம்பாகப் பிளக்கும். இரண்டில் வளைவது மேல்.

பருவமும் இடமும்

புனே நகரில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். மகாபலேசுவரத்திலோ 5,000 மில்லிமீட்டருக்கு மேல். நகரத்து மழையைக் கண்டு மலைமழையை மதிப்பிடலாகாது. ஆனி முதல் ஆவணி வரை சஹ்யாத்திரியில் கூடாரமே வேண்டா என்பது என் துணிபு. பகலிற் சென்று பகலில் திரும்புங்கள். அல்லது ஊரார் வீட்டில் தங்குங்கள். நனைவது மட்டுமன்று அங்கே இடர். 2014 ஜூலை 30 அன்று இம்மாவட்டத்து மாளிண் என்னும் ஊர்மேல் மலை சரிந்து நூற்றைம்பது பேர் வரை மாண்டனர். 2023 ஜூலை 19 இரவில் ராய்கட் மாவட்டத்தில் இர்ஷால்கட் கோட்டையின் அடிவாரத்து இர்ஷால்வாடி மண்ணிற் புதைந்தது. வீடுகளையே விழுங்கும் சரிவின்முன் நைலான் துணி எம்மாத்திரம்?

கார்த்திகை முதல் மாசி வரை வானம் தெளிந்திருக்கும். அப்போது பகை பனியும் உள்நீருமே. இருவராகச் செல்வோர்க்கு இரட்டைத் துணிக் கூடாரம், பழகியவர்க்குத் தார்ப்பாய், இரண்டுக்கும் மேட்டு நிலமும் மரநிழலும். பட்ட மரத்தடியும் தேன்கூடு தொங்கும் பாறையடியும் விலக்க வேண்டியவை. பங்குனி, சித்திரையில் உள்வலை மட்டும் கட்டி விண்மீன்களைப் பார்த்துக்கொண்டே உறங்கலாம். ஆனால் வைகாசியில் திடீர் இடிமழை வரும். மின்னலிலிருந்து எந்தக் கூடாரமும் காவாது. மேகம் திரண்டால் மலைமுகட்டைவிட்டு இறங்கிவிடுக.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவது தவறாகும். 2018 மார்ச் 11 அன்று நம் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ந்த புல் நிறைந்த மாசி பங்குனியில் கூடாரத்தருகே தீ மூட்டாதீர். கூடாரத்துக்குள் அடுப்பு எரிப்பதோ கரியமிலக் காற்றின் நச்சு உடன்பிறப்பாகிய கார்பன் மோனாக்சைடை அழைத்து அருகிற் படுக்க வைப்பதாகும்.

கோட்டைகளின்மேல் இரவில் தங்கவும் கூடாரம் அடிக்கவும் தொல்லியல் துறையும் வனத்துறையும் இடத்துக்கிடம் தடைகள் விதிப்பதுண்டு. புறப்படுமுன் கேட்டறிந்து நடப்பது நம் கடமை. அடிவாரத்தில் ஓர் உழவரிடம் அனுமதி பெற்று, அவர் கைகாட்டும் இடத்தில் படுப்பதே எல்லா வகையிலும் நல்லது. அவர் காட்டும் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள், நாங்கள் மாற்றினோம்.

வாங்குமுன்

முதலில் வாடகைக்கு எடுங்கள். எடுத்ததை விடுதிப் புல்வெளியில் ஒருமுறை கட்டிப் பாருங்கள், இருட்டில் ஒருமுறை, ஒரு வாளி நீரை மேலே ஊற்றி ஒருமுறை. உள்ளே நீட்டிப் படுத்தால் தலையும் காலும் துணியைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். தொட்டால் அது உங்களுக்குச் சிறியது. 'இருவர்க்கு' என்று எழுதியிருந்தால் இருவரும் அவர்தம் மூச்சும் என்று கொள்க, மூன்றாமவரைச் சேர்க்காதீர். வாங்குவதானால் நண்பர் இருவர் கூடி வாங்குங்கள். உதவித்தொகையும் மிஞ்சும், தோளும் பிழைக்கும்.

எதைக் கொண்டுசென்றாலும், உள்ளே படுக்குமுன் வியர்த்த உடையை மாற்றி உலர்ந்ததை அணியுங்கள். வெள்ளிபோல் மின்னும் இடர்க்காலப் போர்வை ஒன்று அறுபது கிராம்கூட இராது. அதைப் பையின் அடியில் எப்போதும் வையுங்கள். தோழர் நடுங்கும்போது அஞ்ச வேண்டாம். ஆனால் அவர் விரல் தடுமாறி, பேச்சுக் குழறினால் விடியட்டும் என்று காத்திராதீர். ஈர உடையை நீக்கி, உலர்ந்தது போர்த்தி, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடுபானம் கொடுத்து, மனிதர் இருக்கும் இடத்துக்கும் மருத்துவரிடத்தும் சேர்ப்பியுங்கள். குளிரைப் போக்குமென்று மதுவைக் கொடுப்போர் உளர்; அது உடல்வெப்பத்தை இன்னும் வெளியேற்றும்.

எங்கள் மதுரைத் தோழன் இப்போது நலமாக இருக்கிறான். ஆய்வகத்தில் என்னோடு சண்டையிடுமளவுக்கு நலம். இவ்வாண்டுத் தீபாவளிக்கு ஊர் சென்று திரும்பியபோது, மாவ்ஷிக்கென்று ஒரு சுங்குடிச் சேலை வாங்கி வந்தான். அதனைக் கொடுப்பதற்காகச் சென்ற வாரம் மீண்டும் குஞ்சவணே சென்றோம். களத்துமேட்டில், நாங்கள் இருவரும் கூடி வாங்கிய 1,900 கிராம் இரட்டைத் துணிக் கூடாரத்தைக் கட்டினோம். விடியலில் வெளித்துணியின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தேன், கை நனைந்தது. உள்ளறையோ உலர்ந்திருந்தது. மாவ்ஷி வந்து எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த முறை இடம் சரி" என்றார். கூடாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பி நிறுத்துப் பார்த்தபோது, ஈரத்தால் அதன் எடை 300 கிராம் கூடியிருந்தது. இரண்டு நாள் மொட்டைமாடியில் உலர்த்தி, இப்போது என் அறைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். நம் மன்றத்து அன்பர்கள் யாரேனும் மலைக்குச் செல்வதானால் வந்து எடுத்துச் செல்லலாம், வாடகை வேண்டா. எந்த மாதம், எந்த இடம், எத்தனை பேர் என்று மட்டும் கேட்பேன். ஈரத்தோடு மடித்துத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ள மாட்டேன்.